அப்பா தட்டை மூடினார்

யோசனை வந்தது ஒரு பெற்றோல் செட்டில்.

கிளிநொச்சியில் ஸ்கூட்டிக்கு பெற்றோல் அடித்துக்கொண்டு நின்றேன். தங்கச்சி தர்சியிடமிருந்து கோல். கொழும்பில், கடலை ஒட்டிய பெரிய உணவகம் ஒன்றில் அவள் சமையல் செய்கிறாள். ஆர்ஜென்டினா நாட்டுச் சாப்பாடு. ஆனால் புது மாதிரி. நாம் கேட்பதெல்லாம் கிடைக்காது. அவர்கள் நினைத்ததை, சின்னச் சின்னத் தட்டுகளாக, ஒன்பது தடவை கொண்டுவந்து வைப்பார்கள்.

"அக்கா, இஞ்ச வேலை செய்யிற ஆக்கள் வருசத்துக்கு ஒருக்கா வீட்டில ரெண்டு பேரை மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிடலாம். நீயும் அம்மாவும் வாங்கோவன்."

அம்மாவா? எனக்குச் சட்டென்று வேறொன்று தோன்றியது.

"தர்சி... அப்பாவைக் கூட்டிக்கொண்டு வரட்டே?"

"அப்பா வருவாரே?" என்றாள்.

அப்பா அவளோடு கதைத்துப் பதினொரு மாதம். அக்கராயனில் எங்களுக்கு வயல். வீட்டில் நான்கு பசுமாடு. ஆர்ஜென்டினாச் சாப்பாடு என்றாலே நெருப்பில் வாட்டிய மாட்டிறைச்சிதான் பேர்போனது என்று யாரோ அப்பாவிடம் சொல்லிவிட்டார்கள். யாரோ என்ன... நான்தான்! தங்கச்சியின் பெருமை பேசப்போய் வாயை விட்டுவிட்டேன். "மாட்டுக்குப் பொங்கிற வீட்டில பிறந்திட்டு, மாட்டைச் சுடுற இடத்திலயோ வேலை?" என்று போனை வைத்தவர், பிறகு எடுக்கவேயில்லை.

அப்பாவைச் சம்மதிக்க வைத்தது அம்மா. "மாடு கறக்க ஒராள் நிக்கவேணும். நான் நிக்கிறன். நீங்கள் போய்ட்டு வாங்கோ." அவ்வளவுதான். அது வேண்டுகோள் மாதிரியே இல்லை.

தர்சி, மாடு இல்லாத ஒன்பது தட்டைத் தானே சமைப்பதாகச் சொன்னாள். தனி அடுப்பு, தனிச் சட்டி. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அப்பா தன் கையால் சமைத்ததைச் சாப்பிட வேண்டும்.

எனக்கோ அந்த வாரம் நித்திரையே இல்லை. எந்த முள்ளுக்கரண்டி முதலில்? துவாய் மடியிலா, கழுத்திலா? வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். அப்பா பாதியில் எழும்பிப் போனால்? வாசலில் செருப்பைக் கழற்றினால்?

கழற்றினார். "போட்டுக்கொண்டே வாங்கோ அப்பா" என்று காதுக்குள் சொல்லிக் கூட்டிப்போனேன்.

பெரிய கண்ணாடி யன்னல். அதற்கு அப்பால் கடல். இந்தப் பக்கம் இன்னொரு கண்ணாடி. அதற்குள் குசினி, நெருப்பு, வெள்ளைத் தொப்பியில் தர்சி. அப்பா கடலைப் பார்க்கிற கதிரையில் அமர்ந்தார். வேண்டுமென்றேதான்.

முதலில் பாண் வந்தது. கூடவே கீரையும் உள்ளியும் வினாகிரியும் சேர்த்து இடித்த ஒரு பச்சைச் சம்பல். பரிமாறிய, தமிழ் தெரியாத ஓர் அம்மா, கூடையை நீட்டி இன்னும் வேண்டுமா என்று சைகையில் கேட்டார். அப்பா தட்டின் மேல் கையை விரித்து மூடினார்.

அந்த அம்மா சிரித்துவிட்டுக் கூடையோடு போய்விட்டார்.

அப்பா அந்தக் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் வீடுகளில் கையை மூடினால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். "காணும், போதும்" என்றால் காணாது, இன்னும் வேண்டும். பரிமாறுகிறவர் கையை விலக்கவேண்டும், இல்லாவிட்டால் விரல் இடுக்குக்குள்ளாவது ஒரு கரண்டி ஊற்றவேண்டும். அதுதானே மரியாதை? கொழும்புக் கடற்கரையில் கையை மூடினால்... மூடியதுதான்!

அடுத்தது, அரைத்த சோளனை அதன் மடலிலேயே சுற்றி அவித்தது. அப்பா ஒரு வாய் வைத்தார். புருவம் உயர்ந்தது. ஆறுதலாக இரண்டாவது வாய். அந்த அம்மா வந்து "முடிந்ததா?" என்று தலையசைத்தார். அப்பாவும் மரியாதைக்கு "ஓம் ஓம், காணும்" என்று தலையாட்டினார். தட்டுப் போய்விட்டது. பூசணிக்காய்த் தட்டும் அப்படியே போனது.

"அப்பா, வேணுமெண்டா ஓம் எண்டு சொல்லுங்கோ!"

"கேட்ட உடன ஓம் எண்டா, காணாததைக் கண்ட சனம் எண்டு நினைக்காதோ?"

"இஞ்ச ஒருக்காத்தான் கேப்பினம்."

"ஒருக்காக் கேக்கிறது ஒரு கேள்வியோ?"

அப்போதுதான் கண்ணாடிக்கு அப்பால் பார்த்தேன். திரும்பிப் போன தட்டுகள் தர்சிக்கு முன்னால். பாதிச் சோளன். முக்கால்வாசிப் பூசணி. அவள் கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். பிறகு சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தாள். புகைக்கா?

அப்பா தன் சமையலைத் தொடவில்லை என்று நினைத்துவிட்டாள்.

போன் எடுக்கலாமென்றால், வேலை நேரத்தில் அவளுடைய போன் பூட்டிய அலுமாரிக்குள். எழும்பினேன். துவாய் கீழே விழுந்தது. எல்லா மேசையும் என்னைப் பார்த்தது. பார்க்கட்டும்! கண்ணாடிக்குக் கிட்டப் போய், இடது உள்ளங்கையைத் தட்டு மாதிரி நீட்டி, வலது கையால் மூடினேன். அப்பாவைக் காட்டினேன். மறுபடி மூடினேன்.

தர்சி என்னைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். ஒரு கணம்... பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலைமைச் சமையற்காரரிடம் ஏதோ கேட்டாள். அவர் எங்கள் மேசையைப் பார்த்துத் தலையாட்டினார்.

சட்டியோடு வந்து அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"அப்பா, இன்னும் கொஞ்சம் சோளன் வைக்கட்டே?"

அப்பா அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. கை மட்டும் தட்டின் மேல் வந்து மூடியது.

"காணும் பிள்ளை."

பதினொரு மாதத்துக்குப் பிறகு முதல் வார்த்தை! அதுவும் "வேண்டாம்" என்று.

தர்சி அவர் கையைப் பிடித்து விலக்கினாள். ஒன்று வைத்தாள்.

"வைக்காத எண்டுறன்..."

இரண்டாவதையும் வைத்தாள். மூன்றாவதுக்குக் கை குறுக்கே வரவேயில்லை.

"இது எந்த ஊர்ச் சோளன்?"

"வவுனியா அப்பா."

"அதுதானே பாத்தன். எங்கட சோளன் எண்டா இன்னும் இனிக்கும்." மென்றுகொண்டே கேட்டார்: "அந்த மாட்டு அடுப்பு எது?"

"அங்கால இருக்கிறது. இது வேற அடுப்பு. சட்டியும் நானே கழுவினனான்."

"ம்." அவ்வளவுதான். ஆனால் எழும்பிக் கதிரையை மேசையின் மற்றப் பக்கம் இழுத்துப் போட்டார். இப்போது கடல் முதுகுப் பக்கம், குசினி கண்ணுக்கு முன்னால்.

கடைசித் தட்டில் பாலும் சீனியும் வற்றக் காய்ச்சிய இனிப்பு. "எங்கட சிவப்பி மாட்டின்ர பாலெண்டா இன்னும் தடிப்பா வரும்" என்று அந்த அம்மாவிடம் தமிழிலேயே சொன்னார். அவருக்கு விளங்கவில்லை. ஆனாலும் இன்னொன்று கொண்டுவந்து வைத்தார்.

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். பிறத்தியார் ஒருக்காத்தான் கேட்கிறார்கள். முதல் "காணும்"இலேயே எத்தனை தட்டுகளை விட்டிருப்போம் நாங்கள்? வேலை, படிப்பு, வரன்கூட! அதை விடுங்கள். அப்பாவின் "கதைக்கமாட்டன்" என்ற கையையும் பதினொரு மாதமாக யாராவது விலக்கிப் பார்த்தோமா? மூடினால் மூடியதுதான் என்று பேசாமல் இருந்துவிட்டோம்.

அம்மாவுக்கு அப்பா சொன்ன செய்தி இரண்டு. "பிள்ளை மெலிஞ்சு போச்சு." "அடுத்த முறை நீயும் வா, நானும் வாறன்."

சந்தோஷம்தான். ஆனால் வருடத்துக்கு இரண்டே கதிரை. அதைவிடப் பெரிய கேள்வி, மாடு யார் கறப்பது? அம்மாவும் அப்பாவும் ஒன்றாகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நானும் மரியாதைக்கு "எனக்குத் தெரியாது, வேண்டாம்" என்றேன். எங்கள் வீட்டில் அதற்கு என்ன அர்த்தம் என்றுதான் உங்களுக்குத் தெரியுமே...

நாளை விடியக் கறக்கப் பழகத் தொடங்குகிறேன். முதலில் சிவப்பி... அவள் காலால் உதைத்து "வேண்டாம்" என்றால், அவளிடம் இரண்டாம் தரம் கேட்க எனக்குத் தைரியமில்லை.