நீட்டுக் கட்டை

தஸ்லீமாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். போன் ரிப்பேருக்கு யார் வந்தாலும் அவளிடம் முதலில் அர்ச்சனை வாங்கிக்கொண்டுதான் மற்ற பேச்சு. "தண்ணியில போட்டுட்டு அரிசியில பொதைச்சு வெச்சியா? இது இன்னா போனா, பிரியாணியா?" என்பாள். வில்லியனூர் கடைத்தெருவில் அவள் தம்பி ஆபித் நடத்தும் செல்போன் கடையில், பின்பக்கம் திரை கட்டிய இடத்தில் அவளுடைய மேசை. முன்னால் நின்று சிரித்துப் பேசிக் கவர் விற்பது தம்பி, உள்ளே உட்கார்ந்து பிரித்து மாட்டுவது அக்கா. "பொம்பள கையில எதுக்கு ஸ்குரூ டிரைவரு?" என்று ஆரம்பத்தில் முணுமுணுத்த பெரிய மனுஷர்களும் டிஸ்பிளே உடைந்த அன்றைக்கு, "அம்மாடி, இன்னிக்கே குடுத்துடு" என்று திரைக்கு வெளியே நின்று கெஞ்சத்தான் செய்தார்கள்.

ஆசைப்பட்டு வந்த வேலை இல்லை இது. வயிறு இழுத்துக்கொண்டு வந்து உட்கார வைத்தது. அவள் கணவன் ரஷீத் சேதராப்பட்டில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் இருந்தவன். அத்தை மகன்தான். சின்ன வயசிலிருந்து 'மச்சான், மச்சான்' என்று பின்னாலேயே சுற்றி, கடைசியில் அவனையே கட்டிக்கொண்டாள். பொழுது சாய்ந்தால் அவனுக்குக் கண் தடுமாறும். "மாலக்கண்ணுதான், முருங்கக்கீர தின்னா சரியாப்பூடும்" என்றது குடும்பம். மரம் மொட்டையாகிற அளவுக்குத் தின்றான். ஒருநாள் வேலை முடிந்து வண்டியில் வரும்போது, ஓரமாக நின்றிருந்த கரும்பு டிராக்டர் அவன் கண்ணில் படவே இல்லை.

உடைந்த கால் கூடிவிட்டது. கண்ணைப் பார்த்த டாக்டர்தான் தலையில் கல்லைப் போட்டார். விழித்திரை ஓரத்திலிருந்து காய்ந்துகொண்டே வருகிறதாம். வம்சத்தில் வருவது, மருந்து கிடையாது என்றார். "குழாய்க்குள்ள பாக்குற மாதிரி ஆயிடும்மா. அப்புறம் அந்தக் குழாயும் சுருங்கும். எவ்ளோ நாளுன்னு என்னால சொல்ல முடியாது."

டாக்டர் சொன்னபடியேதான் ஆயிற்று. டிவி போட்டால் மூக்குத் தெரிந்தது, முகம் தெரியவில்லை. ஆடி ஓடி வேலை செய்த மனுஷன் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான். தஸ்லீமா தம்பி கடைக்கு வேலைக்குப் போனாள். பிள்ளை குட்டி இல்லாத வீடு வேறு, பகலெல்லாம் அவனும் அந்தச் சுவரும்தான். அப்படியிருந்தபோது ஒருநாள் டிரங்குப் பெட்டியைத் துழாவி, கேம்பாய் என்கிற பழைய வீடியோ கேம் ஒன்றை எடுத்தான். சின்ன வயசில் அவனுடைய பெரியத்தா பிரான்சிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. சாம்பல் நிற டப்பா, உள்ளங்கையில் அடங்குகிற ஸ்கிரீன். மேலிருந்து கட்டை கட்டையாக விழும், வரிசை சேர்த்தால் காலியாகும்.

"தஸ்லீ, இங்க வாடி! முழுசா தெரியுதுடி, நாலு மூலையும் தெரியுது!" என்று கத்தினான்.

அந்தக் குழாய்க்குள் சரியாகப் பொருந்துகிற அளவு அந்த ஸ்கிரீன். அவன் அப்படிக் கத்திக் கேட்டு எத்தனை காலமாயிற்று! தஸ்லீமா கையிலிருந்த கரண்டியோடு ஓடிவந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

ஆனால் பழைய காலத்து ஸ்கிரீனுக்குச் சொந்தமாக வெளிச்சம் கிடையாது. வெயிலில் பிடித்தால்தான் தெரியும். ரஷீத் தெருவாசலில் ஸ்டூல் போட்டு, நிழல் நகர நகர அவனும் நகர்ந்து உட்கார்ந்து ஆடினான். கொஞ்ச நாளில் வெயிலும் போதவில்லை. "இருங்க மச்சான், உள்ளாறயே லைட்டு வெச்சிடுறேன்" என்றாள்.

வீடியோ பார்த்துப் பார்த்து இதையும் அவளாகவே கற்றுக்கொண்டாள். கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளித்தாள் மாதிரி ஒட்டியிருப்பதைப் பிளேடு கொடுத்து உரிக்க வேண்டும். கை ஒரு இழை பிசகினால் கண்ணாடி போச்சு. பிசினைத் துடைத்துவிட்டு, அந்த இடத்தில் மெல்லிய லைட் பேனலைச் செருகி, இரண்டு ஒயரைப் பற்றவைக்க வேண்டும். நடுவில் போலரைசர் என்று கருஞ்சாம்பல் நிறத்தில் ஒரு ஷீட் வைக்க வேண்டும். உயிர் அதில்தான். அது இல்லையென்றால் ஸ்கிரீனில் வெளிச்சம் வரும், படம் வராது.

முதல் தடவையே சரியாக வந்தது. அப்புறம் வீட்டுக்குள் எந்நேரமும் அந்த டிங் டிங் சத்தம்தான். "நீட்டுக் கட்ட ஒண்ணு வந்தா போதும்டி, நாலு வரிசையும் காலி!" என்பான். நாள் முழுக்க அவன் காத்திருப்பது அந்த ஒரு கட்டைக்குத்தான். "நீட்டுக் கட்ட வந்து கொழாயில தண்ணி புடிச்சு வெக்குமா?" என்று இவள் வாயடிப்பாள். கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே, "இன்னிக்குத் தெரியுதா மச்சான்?" என்பாள். "தெரியுது" என்பான். அந்த ஒரு வார்த்தை காதில் விழுந்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

மழைக்காலம் வந்தபோது, "லைட்டு பத்தலடி" என்றான். இன்னும் பிரகாசமான பேனலுக்கு ஆர்டர் போட்டாள். அது வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. பழைய பேனலை எடுத்தபோது கூடவே அந்த ஷீட்டும் கிழிந்து வந்துவிட்டது. போகட்டும், புதுசு இருக்கிறது என்று வேலையை ஓட்டினாள். ஆபித் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, "அக்கா, சீக்கிரம். ஜும்மாவுக்கு நேரமாச்சி, மச்சான வேற கூட்டிக்கினு போவணும்" என்று அவசரப்படுத்தினான். பேட்டரி போட்டுப் பார்க்கலாமென்றால் கடையில் இல்லை, வீட்டில்தான் இருந்தது. ஸ்குரூவை முடுக்கி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

தொழுதுவிட்டு வந்து, ரஷீத் தடவித் தடவித் தானே பேட்டரியைப் போட்டு ஆன் செய்தான். டிங் என்றது. தஸ்லீமா அடுப்படியில் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"எப்பிடி கீது மச்சான்?"

டப்பாவைக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னான். "சூப்பரா கீதுடி. பளிச்சுனு கீது."

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. இருந்த பாலையெல்லாம் ஊற்றி சேமியா பாயசம் வைத்தாள்.

மறுநாள் காலை மேசையைத் துடைக்க ரப்பர் மேட்டைத் தூக்கினால், அடியில் அந்தப் புது ஷீட். கவர்கூடப் பிரிக்கவில்லை.

"அடி கூறுகெட்டவளே" என்று தன்னையே திட்டிச் சிரித்தாள். சிரித்த வாய் அப்படியே நின்றது. இது உள்ளே இல்லையென்றால் படமே வராதே! அப்புறம் எதைப் பார்த்துப் பளிச்சென்று இருக்கிறது என்றான்?

ஆபித்திடம்கூடச் சொல்லாமல் வீட்டுக்கு ஓடினாள். ரஷீத் ஸ்டூலில் உட்கார்ந்து பட்டனை அழுத்திக்கொண்டிருந்தான். பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். ஸ்கிரீன் சுண்ணாம்பு அடித்த சுவராட்டம் வெறும் வெள்ளையாக இருந்தது. உள்ளே கட்டைகள் கண்டபடி குவிந்து, ஆட்டம் முடிந்த சத்தம் வந்தது. அவன் மறுபடி ஆரம்பித்தான்.

"தெரியுதா மச்சான்?"

திடுக்கிட்டுத் திரும்பினான். "தெரியுதுடி."

"இன்னா தெரியுது?"

ரஷீத் தலையைக் குனிந்துகொண்டான். "வெள்ளையா கீதுடி. நேத்து ஆன் பண்ணப்பவே புரிஞ்சிபோச்சி, எல்லாம் முடிஞ்சிதுன்னு. நீ பாடிக்கினு பாயசம் கிண்டிக்கினு இருந்த. உங்கிட்ட எப்பிடிச் சொல்றது?"

"யா அல்லா!" தஸ்லீமா தலையில் அடித்துக்கொண்டாள். "அது உங்க கண்ணு இல்ல மச்சான், என் புத்தி! ஷீட்டு வெக்காமயே மூடிட்டேன். எனக்கும் வெள்ளையாதான் தெரியுது!"

அவன் வாயைப் பிளந்தான். பிறகு சிரித்தான், சிரிக்கச் சிரிக்கக் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அவளும் அழுதாள். தன் கவனக்குறைவால் ஒரு ராத்திரி முழுக்க இந்த மனுஷன் கண் போய்விட்டதென்று தனியாகக் கிடந்திருக்கிறான், பக்கத்தில் படுத்துக் குறட்டை விட்டிருக்கிறோம் என்று நினைக்க நினைக்க நெஞ்சு வெடித்தது.

பேட்டரியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், பிரித்து, ஷீட்டை வைத்தாள். இந்தத் தடவை அங்கேயே ஆன் செய்து பார்த்தாள். ஒவ்வொரு கட்டையும் கோடு கிழித்த மாதிரி விழுந்தது. ஓட்டமும் நடையுமாக வந்து அவன் கையில் கொடுத்தாள். லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினான். அவளும் அவன் தோளோடு ஒட்டி உட்கார்ந்து ஸ்கிரீனைப் பார்த்தாள்.

ஆன் செய்தான். கிட்டே கொண்டுபோனான், தள்ளிப் பிடித்தான், சாய்த்தான்.

"தெரியுதா மச்சான்?"

"தெரியுது" என்றான். நேற்று சொன்ன அதே குரலில்.

கேட்காமல் விட்டிருக்கலாம். அவள் வாய்தான் நீளமாயிற்றே, கேட்டுவிட்டது. "இப்ப இன்னா கட்ட வருது, சொல்லுங்க பாப்போம்."

ரஷீத் சிரித்தான். "வேற இன்னாடி? நீட்டுக் கட்டதான்."

ஸ்கிரீனில் ஒரு சதுரக் கட்டை இறங்கிக்கொண்டிருந்தது. நாலு மூலையும் பளிச்சென்று தெரிந்தது.

"ஆமா மச்சான்" என்றாள் தஸ்லீமா. "நீட்டுக் கட்டதான். ஓரமா எறக்குங்க."