ஆளில்லாத கடல்

எண்பதுகளின் கடைசியில் அருப்புக்கோட்டையில் யாரிடம் ஒரு போட்டோவைக் காட்டினாலும் முதல் கேள்வி, "இதுல ஆளு எங்க?" என்பதுதான். ஆளில்லாமல் ஃபிலிமை வீணடிப்பவன் கிறுக்கன். அந்தக் கிறுக்கன் நான்.

ஒரு புரட்டாசியில், திருச்சுழிப் பக்கம் இருக்கும் எங்கள் ஊர்க் கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அதைக் கறுப்பு வெள்ளையில் ஒரு ரோல் முழுக்க எடுத்தேன். ரோலைக் கழுவக் கொடுக்காமல், போர்வை இருட்டுக்குள் திருப்பிச் சுற்றி, சாயல்குடியில் பஸ் மாறி மூக்கையூர் போய், அதே ஃபிலிமின் மேல் கடலை எடுத்தேன். பன்னிரண்டில் ஒன்றுதான் தேறியது. அந்த ஒன்றில், வெடித்த எங்கள் மண்ணின் மேல் அலை ஏறி வந்துகொண்டிருந்தது. மதுரையில் நடக்கவிருந்த கண்காட்சிக்கு அதைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு அனுப்ப வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் திரிந்தேன்.

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைச் செய்தேன். பிரிண்டுக்கான பெரிய பேப்பர் வரும்வரை நெகட்டிவை, ரோலைக் கழுவித் தந்த ஸ்டுடியோக்காரரிடமே கொடுத்து வைத்தேன்.

பத்து நாள் கழித்துப் போனால், மனிதர் சிரித்த முகமாக ஒரு கல்யாண ஆல்பத்தை விரித்தார். என் அலைக்கு நடுவே, ஆப்பிள் வடிவத்துக்குள், மாலையும் கழுத்துமாக ஒரு ஜோடி. ரோஜாவுக்குள்ளோ ஆப்பிளுக்குள்ளோ ஜோடியை வைத்து 'மிக்சிங்' செய்யாத ஆல்பத்தை அன்று எந்தக் கல்யாண வீடும் ஏற்காது. அதற்காக என் நெகட்டிவின் நடுவை பிளேடால் அறுத்து எடுத்திருந்தார்.

"யாரக் கேட்டுண்ணே அறுத்தீக?"

"ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து கெட்டுப்போன படம்னு நெனச்சேன் தம்பி. ஒரு கல்யாணத்துக்காவது ஆகட்டுமேன்னு பாத்தேன். இப்பத்தான் அதுல ஆளு இருக்கு."

அவர் முகத்தில் செய்த தப்பின் சாயல் துளியும் இல்லை. அதுதான் இன்றுவரை ஆறவில்லை.

"கோவிச்சுக்கிறாதீக. கண்மாயும் இருக்கு, கடலும் இருக்கு. இன்னொரு தடவ எடுத்துட்டு வாங்க, நானே சும்மா கழுவித் தாரேன்" என்றார்.

கண்காட்சிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. புது ரோல் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போன அன்று மழை பிடித்தது. நாலு நாள் விடவில்லை. ஐந்தாம் நாள் காலையில், "கண்மா நெறஞ்சு மறுகா போகுது, வாடா பாப்போம்" என்று அய்யா கையைப் பிடித்து இழுத்துப் போனார். கரை முழுக்க ஊர் நின்றது. பெண்கள் குலவையிட்டார்கள். எங்கள் வயலுக்கும் அந்தத் தண்ணீர்தான் கஞ்சி. அது தெரிந்தும், விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டில் பிறந்த நான் அய்யாவின் பக்கத்தில் நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு மழையைத் திட்டினேன்.