குளிருக்கு வெளுத்த விரல்கள்

அக்கா முதலில் நீட்டியது இடது கையின் நடுவிரலைத்தான். நான் அக்கா என்று கூப்பிட்ட நோயாளி; கிளாவரை கிராமத்திலிருந்து முதல் பேருந்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வந்தவர். விரல் நுனி சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. "பாருங்க சிஸ்டர், செத்த வெரலு கணக்கா கெடக்கு" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வெள்ளனே எழுந்து ஓடைத் தண்ணீரில் கேரட் கழுவுகிற கை வெளுக்காமல் என்ன செய்யும்? அக்கா போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் என்னையே அறையத் தோன்றுகிறது.

கொடைக்கானலில் ஒரு சிறிய மருத்துவமனையில் நான் நர்ஸ். மாதம் ஒருமுறை மதுரையிலிருந்து ஒரு மருத்துவர் வந்து, சிஸ்டமிக் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகளை வகைப்படுத்துவார். தோலில் தொடங்கி நுரையீரல்வரை இறுக்கிவிடும் நோய் அது. விரல் வீக்கம், நுனியில் குழிவிழுந்த தழும்பு, ரத்தப் பரிசோதனை என்று ஒவ்வொன்றுக்கும் படிவத்தில் மதிப்பெண் உண்டு. 'குளிரில் விரல் வெளுக்குமா?' என்றும் ஒரு கேள்வி. கேட்டு எழுதுவது என் வேலை. மலையில் பிறந்த நான், யார் வந்தாலும் அதற்குக் கேட்காமலே 'இல்லை' என்று போட்டுவிடுவேன். எங்கள் ஊரில் குளிருக்கு விரல் வெளுப்பதெல்லாம் ஒரு நோயா? கீழ்நாட்டுக்காரர்கள் எழுதிய கேள்வி என்று இளக்காரம் வேறு. திமிர், அவ்வளவுதான்.

அக்காவுக்கும் அப்படியே போட்டேன்; பட்டியலில் சேர ஒரே ஒரு மதிப்பெண் குறைந்தது. அன்றைய நோயாளிக் கூட்டத்தில் மருத்துவர் படிவத்தைத்தான் நம்பினார். பட்டியலில் சேர்ந்தவர்கள் அந்த வாரமே நுரையீரல் ஸ்கேனுக்குப் போனார்கள். அக்காவை மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். கேரட் அறுவடை என்று அவர் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

மறு வருடம் பெருமாள்மலைக் கடைவீதியில் அவரைப் பார்த்தேன். நாலு எட்டு வைப்பதற்குள் உட்கார்ந்துவிட்டார். கையோடு மதுரைக்கு அழைத்துப் போனேன். நுரையீரலின் அடிப்பாகம் இறுகிவிட்டது, இனி திரும்பாது என்றார்கள்.

மாதாமாதம் எங்களிடம் வரும் அதே மருத்துவர் பழைய படிவத்தைப் புரட்டினார். "வெரல் வெளுக்காதுன்னு போட்டிருக்கே? இது தெரிஞ்சிருந்தா அன்னைக்கே ஸ்கேனுக்கு அனுப்பியிருப்பேனேம்மா."

அக்கா ஆக்ஸிஜன் முகமூடியை விலக்கினார். "சிஸ்டர் மேல தப்பு இல்லீங்க. அவுக கேட்டாக. நாந்தான் இல்லேன்னுட்டேன்."

நான் கேட்கவே இல்லை. அது அவருக்கும் தெரியும். மருத்துவர் என் பக்கம் திரும்பி, "அப்படியாம்மா?" என்றார்.

"ஆமா சார்" என்றேன்.