மெமரி மேடமும் தூங்கும் பெட்டியும்

பென்சிலை வாயில் கடித்துக்கொண்டே பேசுவது மெமரி மேடத்தின் வழக்கம். அன்றும் அப்படித்தான் பேசினார்.

"நான்தான் கழட்டினேன்."

பென்சில் மேலும் கீழும் ஆடியது. எதிரே நின்ற மேனேஜர், சுவரோரம் இருந்த மர அலமாரியையும் அதன் பக்கத்தில் தரையில் கிடந்த வயரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏழு நாளா ஓடிட்டிருந்த டெஸ்ட். நீங்களேவா கழட்டினீங்க?"

"கால் பட்டுடுச்சு."

"கழட்டினேன்னீங்க. இப்ப கால் பட்டுச்சுங்கறீங்க."

"கால் பட்டு கழண்டுடுச்சு. போதுமா?"

கழற்றியவள் நான். துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நாலடி தள்ளித்தான் நின்றிருந்தேன். உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். மேடம் திரும்பிக்கூடப் பார்க்காமல், "அக்கா, அந்தக் கோடியில ஈரமா கெடக்கு. யாராவது வழுக்கி விழப்போறாங்க, போய்த் துடைங்க" என்றார். போய்ப் பார்த்தேன். அங்கே ஒரு சொட்டு ஈரமும் இல்லை. பொய் பாவம் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். எனக்காகச் சொன்ன அந்தப் பொய்யைக் கடவுள் எப்படி எடுத்துக்கொண்டாரோ, இன்றுவரை தெரியவில்லை.

அந்த மூன்றாவது மாடியைப் பெருக்கித் துடைப்பதும், பதினோரு மணிக்கும் நாலு மணிக்கும் டீ கொண்டுபோவதும் என் வேலை. அங்கே இருபது பேர் உட்கார்ந்து, டிவிக்குப் பக்கத்தில் வைக்கிற சின்னப் பெட்டிக்குள் போகும் சிப்பை உருவாக்குகிறார்கள். இன்டர்நெட்டிலிருந்து படத்தை இழுத்து டிவியில் காட்டுகிற பெட்டி அது. யோசிக்கிற பாகத்துக்கு ப்ராசசர் என்று பெயர். யோசித்ததை வைத்துக்கொள்கிற பாகம் மெமரி. ஆறு வருடமாக டீ கொடுத்ததில் இவ்வளவு என் காதில் விழுந்திருக்கிறது. மெமரியைப் பார்த்துக்கொண்டவர் மேடம். ப்ராசசரைப் பார்த்துக்கொண்ட முப்பது வயதுக்காரருக்கு மாடி முழுக்க 'அவசரம்' என்று பெயர். இருவருக்கும் ஒரே நீள மேஜை. நாள் முழுக்க வம்பு.

"மேடம், உங்க மெமரி எடுத்துக் குடுக்குறதுக்குள்ள என் ப்ராசசருக்குத் தாடி மொளச்சிடுது."

"மொளைக்கட்டும். சவரம் பண்ணிட்டு வரிசையில நிக்கச் சொல்லு."

மேடத்துக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். குள்ளம். மூக்கில் ஒரு கண்ணாடி, தலைமேல் ஒரு கண்ணாடி. தலைமேல் இருப்பதைத்தான் தேடிக்கொண்டிருப்பார். எண்களை இடது உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொள்வார். மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவுவதற்கு முன் அதையெல்லாம் யாராவது ஒருவர் காகிதத்தில் குறித்துத்தர வேண்டும். "ஊருக்கெல்லாம் ஞாபகம் செஞ்சு குடுக்கறாங்க, இவங்களுக்கு மட்டும் சோப்பு போட்டா போயிடுது" என்று அவசரம் சொல்வார். தீய்ந்துபோன சிப்புகளை ஒரு பழைய சோப்பு டப்பாவில் போட்டு வைத்திருந்தார். எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். "ஒவ்வொண்ணும் ஒரு பாடம்க்கா. குப்பையில போட்டா இன்னொரு தடவை ஃபீஸ் கட்டணும்" என்றார்.

நாலு மணி டீ வரும் நேரத்தில் அவர் மாமியாரிடமிருந்து போன் வரும். மாமியாருக்குக் காது மந்தம். அதனால் இருவர் பேசுவதும் மாடிக்கே கேட்கும்.

"ஏம்மா, உன் பொட்டி மறுபடியும் நின்னுபோச்சு."

"கழட்டி மாட்டுங்க அத்தை."

"இதச் சொல்லத்தான் உன்னை அத்தனை வருஷம் படிக்க வச்சாங்களா?"

"கழட்டினதும் பத்து வரைக்கும் எண்ணிட்டு மாட்டுங்க. அந்தப் பத்துதான் அத்தை படிப்பு."

நான் கழற்றிய பெட்டிக்கு வருகிறேன். மாதிரிக்குச் செய்த சிப் போட்ட அந்தப் பெட்டி மற்றப் பெட்டிகளைப்போல மேஜைமேல் இல்லை. யாரோ வேண்டாம் என்று ஒதுக்கிய ஒரு மர அலமாரிக்குள், கதவைச் சாத்தி, தலையில் ஒரு துணியையும் போட்டு வைத்திருந்தார் மேடம். வெளியே ஒரு தாள் ஒட்டியிருந்தது. அந்த மாடியில் எல்லாத் தாளும் இங்கிலீஷில்தான் இருக்கும். அது மட்டும் பெரிய எழுத்தில், துடைக்க வருகிற எங்களுக்குப் புரிகிற மாதிரி எழுதியிருந்தது: 'தூங்குகிறது. எழுப்பாதீர்கள்.'

மேனேஜர் போனதும் மேடம் என்னிடம் வந்தார். கோபம் எதுவும் இல்லை. "தாளைப் படிச்சீங்களா அக்கா?" என்று கேட்டார்.

"படிச்சேன் மேடம். தூங்குதுன்னு போட்டிருந்துச்சு. அதான் சத்தம் வராம மெதுவா கழட்டினேன். அடியில தூசி."

மேடம் சிரித்தார். பென்சில் வாயிலிருந்து விழுந்து அலமாரிக்கு அடியில் உருண்டது. சிரித்து முடித்து, "தப்பு என்னோடதுதான். தூங்குதுன்னு எழுதினேன், மூச்சு விடுதுன்னு எழுதலையே" என்றார். பழைய தாளைக் கிழித்துவிட்டு, உயிரோடு இருக்கிறது, பிளக்கைத் தொடாதீர்கள் என்று வேறு எழுதி ஒட்டினார்.

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கவைத்தார். என் வாளியைக் காட்டித்தான் சொன்னார்.

"நீங்க துடைச்ச தரை என்ன ஆகும்?"

"காஞ்சிடும்."

"காயாம வச்சிருக்கணும்னா?"

"காயறதுக்கு முன்னாடி மறுபடியும் துடைக்கணும்."

"மெமரியும் அதேதான். அது வச்சிருக்கறது காஞ்சுக்கிட்டே இருக்கும். ஒரு நொடிக்குள்ள பத்துப் பதினஞ்சு தடவை மறுபடி மறுபடி ஈரம் பண்ணிக்கிட்டே இருக்கணும். பொட்டி தூங்கும்போது ப்ராசசர் படுத்துடும். ஆனா இந்தத் துடைக்கிற வேலை மட்டும் நிக்கக் கூடாது. நின்னா, பாதி பாத்த படம், எழுதி வச்ச பேரு, எல்லாம் போயிடும்."

"வெயில் காலத்துல சீக்கிரம் காயுமே மேடம்?"

அவர் அவசரத்தின் பக்கம் திரும்பி, "பாத்தியா, அக்காவுக்குத் தெரியுது" என்றார்.

விஷயம் அதுதான். பெட்டி தூங்கும்போது கரண்ட் மிகக் குறைவாகத்தான் செலவாக வேண்டும் என்று விதி இருக்கிறதாம். அதற்காகத் துடைக்கிற தடவையைக் குறைத்திருந்தார்கள். சாதாரண அறையில் அது போதும் என்பதில் மேடத்துக்கும் சந்தேகம் இல்லை. மனிதர்கள் பெட்டியை வைக்கிற இடத்தில்தான் சந்தேகம். கதவு சாத்திய அலமாரியில் வைப்பார்கள், மேலே துணி போடுவார்கள், துணிமேல் பூச்சாடி வைப்பார்கள். அந்தச் சூட்டில் காய்ந்துவிடும் என்பது அவர் கட்சி. அதனால்தான் அலமாரிக்குள் பதினோரு நாள் தூங்கவைத்து, எழுகிறதா என்று பார்க்கிற இந்த டெஸ்ட். ஏன் பதினோரு நாள் என்று கேட்டதற்கு, "குடும்பத்தோட ஊருக்குப் போறவங்க பத்து நாள்ல திரும்பிடுவாங்க. பதினோராம் நாள் ரிமோட்டை அமுக்குவாங்க" என்றார்.

ஏழாம் நாள் நான் கழற்றிவிட்டேன். சிப்பை மொத்தமாக அடிக்கிற ஆலையில் இவர்களுக்கென்று ஒதுக்கிய நாள் வர ஐந்து நாள்தான் இருந்தது. ஒருமுறை அடித்துவிட்டால் சிப்பைத் திருத்த முடியாது. அதனால் அனுப்புவதற்குமுன் ஒவ்வொரு பாகத்துக்கும் உரியவர் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். மெமரிக்கு மேடம். மறுபடி முதலிலிருந்து பதினோரு நாள் தூங்க வைத்தால் அந்த நாள் தவறிவிடும்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலே ஆள் இருந்தார்கள். டீ கொடுக்கும்போது அவர் மேடத்திடம் கெஞ்சுகிற குரலில்தான் பேசிக்கொண்டிருந்தார்.

"ஏழு நாள் நல்லாத்தானே தூங்குச்சு? மிச்சம் நாலு நாள். போட்டுடுங்களேன்."

"பாக்காம எப்படி சார் போடறது?"

"சரி, எழுந்துக்கலன்னே வச்சுப்போம். கழட்டி மாட்டிக்குவாங்க. உங்க மாமியார் மாட்டலையா?"

"அவங்களால குனிய முடியும் சார். குனிய முடியாதவங்க வீட்ல பிளக் அலமாரிக்குப் பின்னாடி இருந்தா?"

"அடுத்த சிப்புக்கு நீங்கதான் தலைமைன்னு மேல பேசிட்டிருக்காங்க. இந்த நேரத்துல கெடுத்துக்காதீங்கம்மா."

மேடம் டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். "பதினோரு நாள் குடுங்க. எழுந்துடுச்சுன்னா அன்னைக்கே போடறேன்" என்று சொல்லிவிட்டுத் தன் கிளாஸைத் தானே கழுவப் போனார். இருபது வருடம் அவர் காத்திருந்த இடம் அந்தத் தலைமை இடம் என்று அவசரம் பிற்பாடு என்னிடம் சொன்னார்.

மூன்றாம் நாள், கழுவுகிற இடத்தில் அவரைப் பிடித்து, "நான் போய் உண்மையைச் சொல்லிடறேன் மேடம்" என்றேன்.

"சொன்னா போன ஏழு நாள் திரும்பி வந்துடுமா?"

"வராது."

"பின்ன? என்னை அனுப்பணும்னா அவங்களுக்குப் பத்து மீட்டிங் வேணும். உங்களை அனுப்ப ஒரு போன் போதும். சும்மா இருங்க."

அந்த மேனேஜர் இப்போது அங்கே இல்லை. நானும் வேறு கட்டிடத்தில் வேலை பார்க்கிறேன். அதனால்தான் இதை எழுத முடிகிறது.

ஆலையின் நாள் போயிற்று. மறுபடி ஒரு நாள் ஒதுக்க மூன்று வாரம் ஆகும் என்றார்கள். மாடியில் மேடத்தோடு பேசுகிறவர்கள் குறைந்தார்கள். தாமதத்துக்குப் பெயர் தேவைப்பட்டது, அவர் பெயர் கையருகில் இருந்தது. அவர் பாட்டுக்குக் காலையில் வந்ததும் அலமாரிக் கதவைத் திறக்காமல், மேல் பலகையில் புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பார். காய்ச்சல் பார்க்கிற மாதிரிதான். பிறகு உள்ளங்கையில் எதையோ எழுதிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அந்தத் தாள் பக்கம் நான் துடைப்பத்தைக்கூடக் கொண்டுபோகவில்லை.

பதினோராம் நாள் காலை பத்து மணிக்கு எல்லாரும் கூடினார்கள். மேனேஜர் வந்தார். மேடம் ரிமோட்டை அவசரத்திடம் கொடுத்தார். "நான் அமுக்கினா, எழுந்துக்க வேணாம்னு நெனச்சு அமுக்கினேன்னு சொல்லுவாங்க" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவசரம் அமுக்கினார். மேடம் வாய்க்குள் எண்ணினார். ஒண்ணு. ரெண்டு. மூணில் டிவி வெளிச்சமானது. பதினோரு நாளைக்குமுன் நிறுத்திவைத்த இடத்திலிருந்தே ஒரு வெள்ளைக் குதிரை ஓட ஆரம்பித்தது.

மேடம் சொன்னது பொய்த்துவிட்டது. மெமரி காயவில்லை. மத்தியானம்வரை உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். ஒரு புள்ளிகூட விட்டுப்போகவில்லை. தலைமேல் இருந்த கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"திருப்தியா?" என்றார் மேனேஜர். "பதினோரு நாள் சும்மா போச்சு."

"சும்மா போகல சார். அன்னைக்கு எழுந்துக்கும்னு நீங்க நம்பினீங்க. இன்னைக்கு எழுந்துக்கும்னு தெரியும்."

சொன்னபடி அன்றே கையெழுத்துப் போட்டார். அவர் முகத்தில் தோற்றவருடைய வாட்டம் இல்லை. எனக்குத்தான் புரியவில்லை. தான் சொன்னது தப்பாகிப் போனதில் இத்தனை நிம்மதி அடைந்த ஒருவரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

ஒரு மாதத்தில் அடுத்த சிப்பின் தலைமை அவசரத்துக்குப் போனது. மேடத்தை ரோட்டுக்கு எதிர்ப்பக்கக் கட்டிடத்துக்கு மாற்றினார்கள். வீடுகளிலிருந்து கெட்டுத் திரும்பி வருகிற பெட்டிகளைப் பிரித்துப் பார்க்கிற இடம். ஜன்னல் இல்லை என்று சொன்னார்கள். அவசரம் அவர் மேஜைப் பக்கம் நின்றுகொண்டே இருந்தார்.

"மேடம், இதை நான் கேக்கல."

"தெரியும்ப்பா. நல்லாப் பண்ணு. பேரை மட்டும் மாத்திக்கோ, தலைமைக்கு ஒத்து வராது."

கடைசி நாள் அவருடைய சாமான்களை லிஃப்ட்வரை நான்தான் தூக்கி வந்தேன். ஒரு அட்டைப்பெட்டி, சோப்பு டப்பா, நாலு பென்சில், அவ்வளவுதான். லிஃப்ட் மேலே வருகிற எண்களை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அடக்க முடியவில்லை.

"நான் அன்னைக்குக் கழட்டாம இருந்திருந்தா, சொன்ன நாள்ல முடிஞ்சிருக்கும். நீங்களும் இங்கயே இருந்திருப்பீங்க."

அவர் அட்டைப்பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

"உங்களுக்காக தினம் வேண்டிக்குவேன் மேடம்" என்றேன்.

தலையாட்டினார். கதவு மூட ஆரம்பித்தது. இடுக்கில் சட்டென்று கையை நீட்டித் தடுத்தார். கதவு திரும்பித் திறந்தது.

"எனக்கு வேணாம்க்கா. அந்தச் சிப்புக்கு வேண்டிக்கோங்க. எழுந்துக்கறத நான் பாத்தது ஒரே ஒரு பொட்டியில. கையெழுத்து எல்லாத்துக்கும் சேர்த்துல்ல போட்டிருக்கேன்."