அண்ணன் மிச்சம் வைக்காத சுரைக்காய்க் கூட்டு

கல்யாணமாகி ஆலங்குடிப் பக்கத்துக் கிராமத்துக்கு நான் வந்த வருஷம், கொல்லையில் நானே விதைத்த சுரைக்கொடியில் முதல் காய் பறித்தேன். அன்று என்னைப் பார்க்க அண்ணன் வந்திருந்தார். விருந்தாளி சாப்பிடுமுன் ருசி பார்ப்பது எங்கள் வழக்கமில்லை. கூட்டு வைத்து, "நான் போட்ட கொடிண்ணே, மொதக் காய்!" என்று பெருமையாகப் பரிமாறினேன். மாமியாரும் அருகில் இருந்தார். ஒரு வாய் வைத்ததும் அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து, இலையில் மிச்சமின்றிச் சாப்பிட்டார்.

கை கழுவப் போனவர் வாந்தியெடுத்தார். அது நிற்கவேயில்லை. கை கால் சில்லிட்டது. மாமியார் சட்டியிலிருந்த கூட்டை நாக்கில் வைத்துத் துப்பினார்.

"அடியாத்தீ, இப்படிக் கசக்குதே! கசந்த சொரக்கா வெஷமாச்சே! வண்டியப் பூட்டச் சொல்லு!"

ஆலங்குடி ஆஸ்பத்திரி வரை அண்ணன் தலை என் மடியில் துவண்டு கிடந்தது.

"கசந்தா துப்ப வேண்டியதுதானேண்ணே?" என்று அழுதேன்.

"ஒன் மாமியா முன்னால எப்படி ஆத்தா துப்புவேன்?" என்றார், முனகலாக.

மறுநாள் சாயங்காலம்தான் எழுந்து உட்கார்ந்தார்.

இப்போதெல்லாம் சுரைக்காயை நறுக்கியதும் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பில் ஏற்றுகிறேன். சாப்பிடுகிறவர் ருசியைச் சொன்ன பிறகுதான், அது என் கொடியில் காய்த்தது என்று வாய் திறக்கிறேன்.