முதல் வெட்டு

பதினோரு வருடமாகத் தையல் கூடத்தில் மெஷின் மிதிக்கிறவள். அங்கே எல்லாருக்கும் அவள் பெரியக்கா. முதுகு போய்விட்டது. கோட்டு தைக்கும் இந்தக் கடையில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டருக்கு ஒரே ஓர் இடம் காலி. கிடைத்தால் நின்றபடி வேலை, மாதச் சம்பளம். கிடைக்காவிட்டால் பழைய ஸ்டூல், பழைய வலி. தேர்வுக்குத் துணியை அவரவரே கொண்டுவர வேண்டுமாம். யோசித்துத்தான் விதி போட்டிருக்கிறார்கள், மகராசன்கள். அவளும் தங்கையும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஒரு கோட்டுக்கான துணி வாங்கியிருந்தார்கள். வெட்டு பிசகினால் அவ்வளவுதான்.

பக்கத்து மேசையில் ஒரு ஜவுளிக்கடை முதலாளியின் மகள். நல்ல பெண், கொஞ்சமும் பந்தா கிடையாது. கோட்டு வெட்ட வந்தவள் தோளிலேயே கோட்டை விட்டாள். "ஐயோ, போச்சு!" என்று சிரித்தபடி பையிலிருந்து அடுத்த துணியை எடுத்தாள். அதில் கழுத்து கோணிக்கொண்டது.

"பதறாதீங்கக்கா, துணிதானே," என்றாள், மூன்றாவதைப் பிரித்துக்கொண்டே.

பதறாமல் எப்படி இருப்பது? இரண்டு தடவை அளந்து பார்த்த பிறகே பெரியக்கா கத்தரி வைத்தாள். ஆனாலும் கத்தரி பிசிறில்லாமல் ஓடியது.

கடையின் மூத்த மாஸ்டர் வந்து டேப் வைத்தார். நெற்றி சுருங்கியது.

"வெட்டு சுத்தம். ஆனா சுத்திவர ரெண்டு விரல் ஜாஸ்தியா இருக்கே, எதுக்கும்மா?"

"உள்மடிப்புக்கு சார். பின்னாடி உடம்பு போட்டா பிரிச்சு விட்டுக்கலாம்ல?"

அவள் வீட்டில் எந்தத் துணியும் ஒருத்தியோடு முடிந்ததில்லை. அவள் வளர வளர அம்மா தையலைப் பிரித்துவிட்டாள். பிறகு தங்கைக்குப் பிடித்துத் தைத்தாள். சாக்பீஸ் பிடித்த நாள் முதல் அவள் கை அந்த இரண்டு விரலை விட்டுத்தான் கோடு போடும். யாராவது கேட்டால்தான் அவளுக்கே நினைவு வரும்.

"நம்ம கடைக்கு வர்றவங்க பிரிச்சு விட மாட்டாங்கம்மா. புதுசு தைச்சுக்குவாங்க."

"ஜாஸ்திதானே சார், கம்மி இல்லியே! இப்பவே நறுக்கித் தரேன்."

மூச்சைப் பிடித்துக்கொண்டு நறுக்கினாள். மாஸ்டர் மறுபடி அளந்தார். இம்மியும் பிசகவில்லை. அடுத்த மேசைக்குப் போனார். மூன்றாவது துணி அங்கேயும் அளவாக விழுந்திருந்தது.

"ரெண்டும் சரிதான். ஆனா இந்த வேலைக்குத் தைரியம் முக்கியம். ரெண்டு துணி போயும் இந்தப் பொண்ணு அசரல பாரு. உனக்குக் கத்தரி வைக்கவே பயம்மா."

பெரியக்காவுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. அழுதுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்தாள்.

"அந்தத் தைரியம் மீட்டர் என்ன விலை சார்?"

மாஸ்டர் தேர்வுக்கு வந்தவர்களின் பெயர்ப் பட்டியலை எடுத்தார். முதலாளி மகளுக்கு முகம் சிவந்தது. பாழான இரண்டு துணிகளையும் அவசரமாக மடித்துப் பைக்குள் திணித்தாள். மாஸ்டர் பேனாவைத் திறந்து, முதலாளி மகளின் பெயருக்கு நேரே டிக் அடித்தார்.