விழ மறுத்த கோலியாத்

போத்தனூர் ரயில்வே காலனியில் வளர்ந்தவளுக்குப் பயணம் ஒன்றும் புதிதில்லை. ஆனால் அப்பா அம்மா இல்லாமல் வேறோர் ஊரில் போய் ஒரு வாரம் தங்குவது எனக்கு அதுவே முதல்முறை. தொண்ணூறுகளின் நடுவில், கல்லூரியில் இரண்டாம் வருடப் பரீட்சை முடிந்த கோடை விடுமுறை. எங்கள் சபையின் இளைஞர் குழு காரமடைக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருந்த ஒரு கல் குவாரிக் குடியிருப்புக்கு ஊழியத்துக்குப் போவதாக முடிவானது. ஞாயிறு பள்ளி நடத்திவந்த டீச்சர்தான் பொறுப்பு. நான்கு பேர் முன்னால் வாயைத் திறக்காத என்னையும் பெயர் கொடுக்கச் சொன்னார். அம்மா தயங்கியபோது, "பாட்டுக்குக் கை தட்டறதுக்காவது ஆள் வேணுமில்லைங்க" என்று சொல்லிச் சம்மதம் வாங்கிவிட்டார்.

புறப்படுவதற்கு முந்தின நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம். வேனில் பாய்கள், டேப் ரெக்கார்டர், டோலக், கூடவே குழந்தைகளுக்கென்று நாங்கள் கட்டிய பொட்டலங்கள். பொட்டலத்துக்குள் சிலேட்டு, சோப்பு, சீப்பு. ஒவ்வொன்றையும் கட்டும்போது அதை வாங்கப்போகும் கை எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டேன். கொடுக்கப் போகிறவர்கள் நாங்கள் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இருக்கவில்லை.

குடியிருப்பு சாலையோரத்திலேயே இருந்தது. ஓலையும் ஆஸ்பெஸ்டாஸும் வேய்ந்த தாழ்வான வீடுகள். எல்லா இலையிலும் வெள்ளையாகக் கல் தூசி படிந்திருந்தது. ஆண்கள் குவாரிக்குள் இறங்கிப் பாறை பிளந்தார்கள். பெண்கள் தென்னங்கீற்றை ஒரு பக்கம் சாய்த்துவைத்து, அந்தச் சின்ன நிழலில் உட்கார்ந்து சுத்தியலால் ஜல்லி உடைத்தார்கள். மத்தியானம் விசில் ஊதியதும் எல்லோரும் ஒதுங்குவார்கள், வெடி வெடிக்கும், நாங்கள் தங்கியிருந்த பழைய பால்வாடிக் கட்டடத்தின் ஜன்னல் கிடுகிடுவென்று ஆடும். முதல் நாள் அலறிவிட்டேன். மறுநாளிலிருந்து குழந்தைகளோடு சேர்ந்து நானும் அந்தச் சத்தத்துக்குக் காத்திருக்க ஆரம்பித்தேன்.

காலையில் குழந்தைகளுக்குப் பாட்டும் கதையும், மத்தியானத்துக்கு மேல் வீடு வீடாகப் போய்ப் பேசுவது. போன இடத்தில் எல்லாம் மரியாதைக்குக் குறைவே இல்லை. நாங்கள் எதைச் சொன்னாலும் "சரிங்க" என்றார்கள். ஜெபம் பண்ணலாமா என்றாலும் சரிங்க, கொதிக்கவைத்த தண்ணீர் குடியுங்கள் என்றாலும் சரிங்க. டீச்சர் ஒருநாள் சாயங்காலம், "இவங்க நம்மகிட்ட எதையுமே கேக்கலையே" என்றார். எனக்கு அப்போது அது ஒரு குறையாகத் தோன்றவில்லை. நான் அங்கே பறந்துகொண்டிருந்தேன்.

கடைசி நாளுக்கு ஒரு நாடகம் வைத்திருந்தோம், தாவீதும் கோலியாத்தும். ராட்சத வீரன் கோலியாத்தைச் சின்னப் பையன் தாவீது கவண்கல்லால் அடித்து வீழ்த்தும் பைபிள் கதை. குழுவிலேயே குள்ளம் என்பதால் என்னைத் தாவீதாக்கிவிட்டார்கள். கோலியாத்துக்கு எங்கள் சபையின் நெட்டை அண்ணன் ஒருவர். லேத் பட்டறையில் வேலை பார்ப்பவர், நல்ல கட்டைக் குரல். ஆனால் வெயில் அவரைச் சாய்த்துவிட்டது. நாடகத்துக்கு முதல் நாளே வாந்தியெடுத்துப் படுத்தார். கோலியாத் இல்லாமல் ஒத்திகை நடந்துகொண்டிருந்தபோது, வாசலில் நின்று வேடிக்கை பார்த்த ஒரு அக்கா, "நான் நிக்கட்டுங்களா?" என்று கேட்டார்.

அந்த வாரத்தில் அந்தக் குடியிருப்பில் ஒருவர் எங்களிடம் கேட்ட முதல் விஷயம் அதுதான்.

அவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். நல்ல உயரம். பிறந்தது சென்னிமலைப் பக்கம், கல்யாணமாகி இங்கே வந்தவர். கணவர் குவாரியில் டிரில் ஓட்டுபவர். ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை. காலைப் பாட்டில் முதல் வரிசையில் உட்கார்ந்து, எல்லாப் பாட்டுக்கும் ஒரே மாதிரி கையை ஆட்டும் குழந்தை அது. பெண் எப்படிக் கோலியாத் ஆவது என்று எங்களில் ஒருவர் முணுமுணுத்தார். டீச்சர் அக்காவின் தோளையும் என் தோளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "தாவீது மட்டும் என்ன ஆம்பளையா?" என்றார். அதோடு முடிந்தது.

மறுநாள் சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் பால்வாடிக்கு முன்னால் எல்லோரும் கூடினார்கள். வேலை முடிந்து குளித்துத் தலை சீவி வந்த ஆண்கள்கூடப் பின்னால் நின்றார்கள். நான் லுங்கியை மடித்துக் கட்டி, தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, கவண் என்று ஒரு ரிப்பனை வைத்திருந்தேன். அக்கா வந்தார் பாருங்கள்! தலையில் அலுமினியக் குண்டா, மார்பில் வெட்டி விரித்த மண்ணெண்ணெய்த் தகரம், முதுகில் அவர் வீட்டுச் சிவப்புக் கட்டம் போட்ட போர்வை. கையில் நிஜமான கடப்பாரை. ஜனம் எழுந்து நின்று விசிலடித்தது. எனக்குப் பயத்தைவிடச் சிரிப்புத்தான் முட்டிக்கொண்டு வந்தது.

என் வசனத்தைச் சொன்னேன். ரிப்பனைச் சுழற்றினேன். காகிதத்தைச் சுருட்டிச் செய்த கல் நேராகப் போய் அவர் நெற்றியில் பட்டது. ஒத்திகையில் அந்த இடத்தில் அவர் அழகாகச் சரிந்து விழுந்திருந்தார். இப்போது அசையாமல் நின்றார்.

ஒரு நிமிடம் எல்லோரும் காத்திருந்தோம். அவர் குனிந்து அந்தக் காகித உருண்டையை எடுத்துப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "இத்தனூண்டு கல்லுக்கெல்லாம் நான் உழுவேனுங்களா? பொழுதன்னைக்கும் கல்லோடதான கெடக்கறேன்" என்றார்.

அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஒருவர் மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். டீச்சர் திரைச்சேலைக்குப் பின்னாலிருந்து என்னிடம் ஏதேதோ சைகை காட்டினார். எழுதி வைத்த வசனம் தீர்ந்துபோயிருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக, யாரும் சொல்லிக்கொடுக்காத ஒன்றை அத்தனை பேர் முன்னால் நானாகப் பேசினேன். கிட்டே போய், "அக்கா, நீங்க விழுந்தாத்தாங்க கதை முடியும்" என்றேன்.

அவர் என்னைக் குனிந்து பார்த்தார். கூட்டத்துக்குக் கேட்காத குரலில், "கதை முடிஞ்சுபோட்டா நீங்க ஊருக்குப் போயிருவீங்களே, அம்மணி" என்றார்.

அது நடிப்பா, விளையாட்டா, நிஜமா என்று யோசிக்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை. பின்னால் ஜல்லிக் குவியல் பக்கமிருந்து ஒரு குழந்தை வீறிட்டது. அக்காவின் மகள். கூட்டத்தில் எதுவும் தெரியவில்லை என்று கல் குவியல் மேல் ஏறியிருக்கிறாள்; கை வைத்த இடத்தில் தேள். சின்னதாக, சிவப்பாக இருந்தது என்றார்கள். அந்த நிறத்தைச் சொன்னதும் பெரியவர்கள் முகம் மாறிய விதத்திலிருந்தே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் குழந்தைக்கு வேர்த்துக் கொட்டியது, வாந்தி எடுத்தாள், கை கால் சில்லிட்டது. யாரோ சுண்ணாம்பு தடவினார்கள். ஒரு பெரியவர் வேப்பங்கொத்தால் தடவி மந்திரம் சொன்னார். பக்கத்தில் டீச்சர் முட்டி போட்டு உரக்க ஜெபம் பண்ணினார். யாரும் யாரையும் தடுக்கவில்லை. எங்கள் வேன் போத்தனூருக்குப் போய்விட்டது, மறுநாள்தான் வரும். ஆஸ்பத்திரி மேட்டுப்பாளையத்தில். குவாரி லாரிகள் எல்லாம் அப்போதே கிளம்பிப் போயிருந்தன.

அப்போதுதான் மலைப்பக்க வளைவில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. மேட்டுப்பாளையம் போகும் பஸ். எனக்கு உயிர் வந்தது. ஆனால் சுற்றி நின்றவர்கள் யாரும் அசையவில்லை. "அது இங்க நிக்காதுங்க" என்றார் ஒருவர். குவாரி ஆட்கள் சட்டியும் சாமானுமாக ஏறுவார்கள் என்று அந்த இடத்தில் நிறுத்துவதே இல்லையாம். பஸ் ஏற வேண்டுமென்றால் அடுத்த ஊர்வரை நடக்க வேண்டும். ஒரு வாரம் அங்கே இருந்தும் இது எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. நாங்கள் கேட்கவும் இல்லை.

அக்கா குழந்தையைத் தூக்கி என் கையில் கொடுத்தார். அடுத்த நொடி, குண்டாவும் தகரமும் போர்வையுமாகச் சாலை நடுவில் போய், கடப்பாரையைக் குறுக்கே பிடித்துக்கொண்டு நின்றார். பின்னாலேயே நான் ஓடினேன். எங்களுக்குப் பின்னால் மொத்தக் குடியிருப்பும் சாலைக்கு வந்தது.

வளைவில் திரும்பிய பஸ் ஹாரனை அழுத்தியபடியே வந்தது. அக்கா நகரவில்லை. பிரேக் போட்ட சத்தம் இப்போதும் என் பல்லில் கூசுகிறது. அவர் மூக்குக்கு முன்னால் வந்து நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, சாக வேறு இடம் கிடைக்கவில்லையா என்று கத்தினார்.

"நிறுத்தாம போறதுன்னா என்ற மேல ஏத்திப்போட்டுப் போங்க" என்றார் அக்கா. "புள்ளையத் தேள் கொட்டிப்போடுச்சுங்க."

அந்த நிலைமையிலும் "ங்க" விடவில்லை அவர்.

டிரைவர் என் கையில் கிடந்த குழந்தையைப் பார்த்தார். கண்டக்டரே இறங்கி வந்து எங்களைக் கைகொடுத்து ஏற்றினார். டீச்சரும் அக்காவின் கணவரும் கூட ஏறினார்கள். பஸ் முழுக்கக் கருவேப்பிலை மூட்டைகள், அந்த வாசனை. ஒரு பாட்டி எழுந்து இடம் கொடுத்தார். அதற்கப்புறம் அந்த பஸ் எந்த ஸ்டாப்பிலும் நிற்கவில்லை. காரமடையில் இறங்க வேண்டியவர்களைப் பார்த்துக் கண்டக்டர் கையைக் கூப்பினார். அவர்கள் மறுபடி உட்கார்ந்துகொண்டார்கள். ரோடு பறந்தது. ஜன்னல்கள் தடதடத்தன. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்தப் பயத்துக்கு அடியில் வேறொன்று பொங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் பஸ்ஸை நிறுத்திவிட்டோம். இந்தக் குழந்தைக்காக ஒரு பஸ்ஸே ஓடுகிறது.

அக்கா குழந்தையின் காலைத் தேய்த்துக்கொண்டே, "முருகா, சென்னிமலை முருகா" என்று சொல்லிக்கொண்டு வந்தார். நடுவில், "ஏசப்பா, நீங்களும் பாருங்க" என்றார். நானும் மனசுக்குள் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு கட்டத்தில் அவர் குரலும் என் குரலும் எனக்கே பிரித்துக் கேட்கவில்லை.

டிரைவர் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி, பெரியாஸ்பத்திரி வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்தினார். எங்கள் கோலத்தைப் பார்த்த நர்ஸ் ஒரு கணம் திகைத்து நின்றார். பிறகு குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார். ஊசி போட்டார்கள், குளுகோஸ் ஏற்றினார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இதயத்தைப் பிடித்திருக்கும் என்று டாக்டர் டீச்சரிடம் சொன்னார். எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்திலிருந்து நான்தான் எங்கள் போதகர் வீட்டுக்குப் பேசினேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. வேனை உடனே அனுப்புவதாக அவர் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. காலையில் குழந்தை கண்ணை விழித்து பன்னு வேண்டும் என்று கேட்டாள். அக்கா அப்போதுதான் அழுதார்.

போத்தனூர் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை, ஆராதனையில் சாட்சி சொல்ல யாராவது வரலாம் என்று போதகர் அழைத்தபோது நான் எழுந்து போனேன். அம்மா வாயைப் பிளந்து பார்த்தார். நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன். கோலியாத் விழாததைச் சொன்னபோது சபை சிரித்தது. பஸ்ஸில் கேட்ட இரண்டு சாமி பெயர்களையும் சொன்னபோது அமைதியாகிவிட்டது. ஆராதனை முடிந்ததும் மூப்பர் ஒருவர் வந்து, அங்கே எத்தனை பேர் ஆண்டவரை ஏற்றுக்கொண்டார்கள் என்று கேட்டார். பஸ் இனிமேல் அங்கே நிற்குமா என்பதுதான் என் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. டீச்சரிடம் அதைச் சொன்னேன். அந்த வாரமே நாங்கள் இருவரும் பஸ் கம்பெனி ஆபீசுக்குப் போனோம். பார்க்கிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தோம். அங்கெல்லாம் நான்தான் பேசினேன். டீச்சர் பக்கத்தில் நின்று தலையாட்டினார்.

அடுத்த வருடம் குழு வேறு ஊருக்குப் போனது. நான் மட்டும் ஒரு சனிக்கிழமை பஸ் ஏறினேன். கண்டக்டரிடம் குவாரி என்று சொல்லியிருந்தேன். அவர் மறுக்காமல் டிக்கெட் கிழித்துக் கொடுத்திருந்தார். வெள்ளை படிந்த மரங்கள் தெரிய ஆரம்பித்ததும் எழுந்து படிக்கட்டுக்கு வந்துவிட்டேன். நான் கேட்காமலேயே விசில் கொடுத்தார். பஸ் நின்றது. எதிர்ப்பக்கம் சட்டியோடு இரண்டு பெண்கள் வேறொரு பஸ்ஸுக்காகக் காத்து நின்றார்கள்.

அக்கா கீற்று நிழலில் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தார். நான் சேலை கட்டிப் போயிருந்ததால் அவருக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். பிறகு சுத்தியலைக் கீழே வைத்தார்.

"ஏனம்மணி, ஒரு வருசமாச்சா வர்றதுக்கு? வா, மொதல்ல சோறுண்ணு."

ராகிக் களியும் கீரைக் கடைசலும். அவர் மகள் வாசலில் உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தில் படித்த பாட்டை எனக்குச் சொல்லிக் காட்டினாள். இரண்டாவது முறை களியை நானே கேட்டு வாங்கினேன்.